ரீ-என்ரோல் பண்ண பிறகு ஆபீஸ் லேப்டாப்ல மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் திரும்ப வரல, அவசரம்

மாசிவீதி | இரவு 8.40
வணக்கம். ஆபீஸ் லேப்டாப். போன வாரம் ஐடி ஆளுங்க ரிமோட்ல வந்து என் அக்கவுன்ட்ட எடுத்துட்டு திரும்ப என்ரோல் பண்ணாங்க (ஆபீஸ் நிர்வாகத்துல மெஷினைச் சேக்கறது). அதுலருந்து அந்த மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரக் காணோம். அது இல்லாததால விபிஎன் வரல, டைம்ஷீட் ஆப் வரல, பிரின்டர் கூட வரல. நானே டவுன்லோட் பண்ணிப் போட்டேன். திறக்குது, ஆனா உள்ள காலியா இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணி கை ஓஞ்சு போச்சு. டிக்கெட் போட்டா "சிங்க் (சர்வரோட ஒத்திசைவு) குடுத்துட்டு வெயிட் பண்ணுங்க"ன்னு எழுதி மூடிட்டாங்க. நாளைக்கு காலைல கிளையன்ட் கால் இருக்கு. எப்படி திரும்ப இன்ஸ்டால் பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அகல் | இரவு 8.47
எந்த சாஃப்ட்வேர்னு சொல்லலையே நண்பா. ஆபீஸ் மெஷின்களைத் தூரத்துலருந்து நிர்வகிக்கற மென்பொருள் பல இருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட இன்ட்யூனா, ஜாம்ஃபா, வொர்க்ஸ்பேஸ் ஒன்னா? விண்டோஸா, மேக்கா?

பொன்னி | இரவு 8.52
இதுக்கெல்லாம் மண்டையப் போட்டு உடைச்சுக்காதீங்க ப்ரோ. செட்டிங்ஸ்ல ரெக்கவரிக்குள்ள போய் ரீசெட் குடுத்துடுங்க. சுத்தமா எல்லாம் போயி புதுசா வரும். என் தம்பி லேப்டாப்புக்கு அதான் பண்ணேன், அரை நாள்ல வேலை முடிஞ்சுது.

தோணித்துறை | இரவு 8.58
ரீசெட் வேண்டாம். இது பழைய என்ரோல்மென்ட்டோட மிச்சம்தான், நூத்துக்கு நூறு. அக்கவுன்ட்ட எடுத்தாலும் விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் பதிவாகற ரிஜிஸ்ட்ரில என்ரோல்மென்ட்ஸ்ங்கற இடத்துல பழைய எண் அப்படியே கிடக்கும். டாஸ்க் ஷெட்யூலர்ல என்டர்பிரைஸ் மேனேஜ்மென்ட் ஃபோல்டர்லயும் அதே எண்ல பழைய டாஸ்க் இருக்கும். ரெண்டையும் அழிச்சுட்டு திரும்ப என்ரோல் பண்ணுங்க, வந்துடும்.

ராஜாங்கம்_நெட்வொர்க் | இரவு 9.05
முதல்ல கேள்வியை ஒழுங்கா கேக்கக் கத்துக்கணும். "அந்த சாஃப்ட்வேர்"னா எங்களுக்கு எப்படித் தெரியும்? விண்டோஸ் பதிப்பு என்ன, லேப்டாப் ஆபீஸோடதா சொந்தமா, அட்மின் உரிமை இருக்கா, எங்கருந்து டவுன்லோட் பண்ணீங்க, ஒண்ணுமே இல்ல. இந்தப் பகுதியில மேல ஒட்டி வச்சிருக்கற விதிகள்ல இதெல்லாம் எழுதியிருக்கு.
பொன்னி, ஆபீஸ் மெஷினை ரீசெட் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி யோசிங்க. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டற குறியாக்கம்) போட்டிருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்க வாய்ப்பிருக்கு. அது இந்தப் பையன் கையில இருக்காது, ஐடிகிட்டதான் இருக்கும். மெஷின் ஆட்டோபைலட்ல (மெஷினை ஆபீஸோட கட்டிப் போடற மைக்ரோசாஃப்ட் பதிவு) பதிஞ்சிருந்தா எத்தனை தடவை துடைச்சாலும் திரும்ப அதே ஆபீஸ் லாகின் பக்கத்துலதான் வந்து நிக்கும்.
தோணித்துறை, ரிஜிஸ்ட்ரின்னா என்னன்னு தெரியாத ஆளை அதுல கை வைக்கச் சொல்லாதீங்க.

தோணித்துறை | இரவு 9.09
சார், நான் வேலை பாக்கற இடத்துல இதை வச்சுதான் சரி பண்ணோம். வாயில வந்ததச் சொல்லல.

மாசிவீதி | இரவு 9.16
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். விண்டோஸ் 11. ஆபீஸ் குடுத்த லேப்டாப்தான். நான் போட்டது கம்பெனி போர்ட்டல், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லருந்து. அட்மின் உரிமை இல்ல.

அகல் | இரவு 9.20
11ல ஹோமா, ப்ரோவா, என்டர்பிரைஸா? ஹோம் பதிப்புல என்ட்ரா ஜாயினே (மைக்ரோசாஃப்ட்ல இருக்கற ஆபீஸ் பதிவேட்டுல மெஷினைச் சேக்கறது) பண்ண முடியாது, அதான் கேக்கறேன். தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு ஒருக்கா பாத்துடுங்க. நேரம் தப்பா இருந்தா மெஷினோட டிஜிட்டல் சான்றிதழ் செல்லாமப் போயிடும்.

கொடிவேரி | இரவு 9.31
தம்பி, ரெண்டு வேற விஷயத்த ஒண்ணுன்னு நினைச்சுட்டு இருக்கீங்க. நீங்க ஸ்டோர்லருந்து போட்டது வெறும் முகப்புங்க. ஆபீஸ் உங்களுக்கு எடுத்துக்கலாம்னு அனுமதிச்ச ஆப் எல்லாம் அதுல தெரியும், அவ்வளவுதான். ஆபீஸ் ஆப்களை இறக்கி உள்ள உக்கார வைக்கறது பெரும்பாலும் பின்னாடி ஓடற வேற ஒரு ஏஜென்ட். அதுக்குப் பேரு இன்ட்யூன் மேனேஜ்மென்ட் எக்ஸ்டென்ஷன். ஐடி ஆளுங்க உங்ககிட்ட "அந்த சாஃப்ட்வேர்"னு சொல்லியிருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாங்க.

இந்த ஏஜென்ட்ட யாரும் தேடிப் பிடிச்சு கையால போடறதில்லைங்க. உங்க பேருக்கோ, உங்க மெஷினுக்கோ ஒரு வின்32 ஆப்போ (வழக்கமான விண்டோஸ் மென்பொருள்) பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டோ (கட்டளைத் தொகுப்பு) ஐடி ஒதுக்கி வச்சிருந்தா, இன்ட்யூனே அதைப் பாத்து ஏஜென்ட்ட அனுப்பி வைக்கும். ஒதுக்கீடு இல்லாத மெஷினுக்கு ஏஜென்ட் வராது. அதனால "எப்படி இன்ஸ்டால் பண்றது"ங்கறத விட்டுட்டு "ஏன் எனக்கு அனுப்பல"ன்னு தேடுங்க.

இப்ப மூணு இடம் பாத்து சொல்லுங்க. சர்வீசஸ் பட்டியல்ல மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் மேனேஜ்மென்ட் எக்ஸ்டென்ஷன்னு ஒண்ணு இருக்குதா? சி டிரைவ்ல புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86 உள்ள அதே பேர்ல ஃபோல்டர் இருக்குதா? அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்ல டிஎஸ்ரெக்சிஎம்டின்னு சேத்து அடிச்சு, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஸ்டேட்டஸ்னு குடுங்க. அதுல அஷ்யூர் ஏடி ஜாயின்டுக்கு நேரா யெஸ்னு இருக்கா, எம்டிஎம் யூஆர்எல்னு (நிர்வாக சர்வரோட முகவரி) வர்ற வரி நிரம்பியிருக்கா காலியா இருக்கான்னு பாருங்க. அஷ்யூர் ஏடிங்கற பேரு 2023லயே என்ட்ரான்னு மாறிருச்சு, ஆனா இந்தத் திரையில இன்னும் அஷ்யூர் ஏடின்னுதான் வரும், குழம்பிக்காதீங்க. இதுக்கெல்லாம் அட்மின் உரிமை தேவையில்லைங்க.

கரிசல்காடு | இரவு 9.38
ஒண்ணு கேக்கறேன். வராம இருந்தா நல்லதுதானே? அந்த ஏஜென்ட் உள்ள வந்துட்டா நீங்க என்ன பாக்கறீங்க, யாருக்கு வாட்சப் அனுப்பறீங்க, எல்லாமே ஆபீஸுக்குத் தெரியும். எதுக்கு வலியப் போய் மாட்டிக்கணும்?

அகல் | இரவு 9.43
அது தப்பான தகவல் கரிசல். இன்ட்யூன் பக்கத்துல பிரவுசிங் ஹிஸ்டரி, மெயில், மெசேஜ், ஃபோட்டோ எதுவும் அட்மினுக்குத் தெரியாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே எழுதி வச்சிருக்கு. மெஷினோட மாடல், சீரியல் நம்பர், விண்டோஸ் பதிப்பு, ஆபீஸ் மெஷின்னா அதுல இருக்கற ஆப்களோட பட்டியல், இதெல்லாம்தான் தெரியும்.

கரிசல்காடு | இரவு 9.49
எழுதி வச்சா ஆச்சா? அந்த ஏஜென்ட் சிஸ்டம் உரிமையில (மெஷின்லயே உச்ச உரிமை) ஸ்கிரிப்ட் ஓட்டும். சிஸ்டம் உரிமை இருந்தா எந்தக் கோப்பைத் தொட முடியாது? நீங்களே சொல்லுங்க.

அகல் | இரவு 9.54
ஓட்ட முடியும், ஒத்துக்கறேன். ஆனா "முடியும்"ங்கறதும் "நடக்குது"ங்கறதும் ஒண்ணா? ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லாருடைய கோப்பையும் தோண்ட எந்த ஐடி ஆளுக்கு நேரமிருக்கு? கண்காணிக்கணும்னு நினைக்கற ஆபீஸ் அதுக்குன்னே தனியா மென்பொருள் போடும். இன்ட்யூன் மேல பழி போட்டா நிஜமா கண்காணிக்கறது எதுன்னு தெரியாமலே போயிடும்.

பொன்னி | இரவு 9.57
இதுக்கு சட்டம் ஒண்ணு வந்துச்சே?

ராஜாங்கம்_நெட்வொர்க் | இரவு 10.03
டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதுல பிரிவு 7ஐ முழுசா படிங்க. வேலை தொடர்பான தேவைக்கும், நிறுவனத்தை நஷ்டத்துலருந்து காப்பாத்தறதுக்கும் ஊழியரோட தரவைக் கையாளறது முறையான பயன்பாடுன்னு அதுலயே இருக்கு. அதனால சட்டத்தைக் காட்டி ஏஜென்ட்ட வேண்டாம்னு சொல்ல முடியாது. ஆபீஸ் மெஷின்ல சொந்த விஷயம் எதையும் வச்சுக்காம இருக்கறது ஒண்ணுதான் வழி. படிக்காம ஆளாளுக்கு சட்டம் பேசக் கூடாது.

கரிசல்காடு | இரவு 10.08
படிச்சுட்டுதான் பேசறேன் சார். முறையான பயன்பாடுன்னா வரம்பே இல்லாத பயன்பாடுன்னு அர்த்தமா? வீட்டுலருந்து வேலை பாக்கறவங்களுக்கு ஒரே மெஷின்தான் இருக்கு. பிள்ளையோட ஸ்கூல் படிவத்தைக் கூட அதுலதான் நிரப்பறாங்க. "சொந்த விஷயம் வச்சுக்காதே"ன்னு சொல்றது சுலபம், இன்னொரு லேப்டாப் வாங்கறது சுலபம் இல்ல.

கொடிவேரி | இரவு 10.12
இது பேச வேண்டிய விஷயம்தாங்க, ஆனா தனி இழை போட்டுப் பேசுங்க. அந்தத் தம்பிக்கு காலைல வேலை இருக்குது.

மாசிவீதி | இரவு 10.20
பாத்துட்டேன் அக்கா. சர்வீசஸ்ல அந்தப் பேரே இல்ல. ஃபோல்டரும் இல்ல. அஷ்யூர் ஏடி ஜாயின்டு யெஸ். எம்டிஎம் யூஆர்எல் இருக்கு, நீளமா ஒரு முகவரி வருது. பதிப்பு என்டர்பிரைஸ், நேரம் சரியாதான் இருக்கு. சிங்க் குடுத்தா வெற்றின்னுதான் வருது. இன்னொண்ணு கவனிச்சேன், லேப்டாப்போட பேரே மாறியிருக்கு. முன்னாடி இருந்த பேரு இல்ல.

தோணித்துறை | இரவு 10.24
பேரு மாறியிருக்கா? அப்ப பழைய பதிவு இன்னும் அங்க இருக்கு. நான் சொன்னேனே! உள்ள மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் எம்டிஎம் டிவைஸ் சிஏ குடுத்த சான்றிதழ் ரெண்டு கிடக்குதான்னு பாருங்க. பழசை அழிக்கணும்.

கொடிவேரி | இரவு 10.37
தோணித்துறை சொல்ற மாதிரியும் நடக்கறதுண்டுங்க, பொய்யில்ல. ஆனா அப்படி இருந்தா பெரும்பாலும் சிங்க்கே தடுமாறும். இங்க சிங்க் ஒழுங்கா போகுது, மெஷின் என்ட்ராவோட சேந்திருக்குது, நிர்வாக முகவரியும் வந்திருக்குது. அதனால எதையும் அழிக்க வேண்டாம்.

என்ன நடந்திருக்கும்னு சொல்றேன். உங்க மெஷினை என்ட்ராலருந்து முழுசா எடுத்துட்டு திரும்ப சேத்தப்ப, அதுக்குப் புது டிவைஸ் ஐடி (மெஷினோட அடையாள எண்) வந்திருக்கும். பாக்க அதே லேப்டாப்தான். ஆனா ஆபீஸ் பதிவேட்டுல அது வேற மெஷின். விபிஎன், டைம்ஷீட், பிரின்டர் எல்லாத்தையும் ஐடி ஆளுங்க ஏதோ ஒரு டிவைஸ் குரூப்புக்குத்தான் ஒதுக்கியிருப்பாங்க. மெஷின்களை ஒவ்வொண்ணா கையால சேக்கற குரூப்பா இருந்தா, அதுல பழைய டிவைஸ் ஐடி உக்காந்துட்டு இருக்கும், புதுசு இருக்காது. குரூப்ல இல்லாத மெஷினுக்கு ஒதுக்கீடு இல்ல. ஒதுக்கீடு இல்லாததால ஏஜென்ட் வரல. ஏஜென்ட் இல்லாததால விபிஎன், டைம்ஷீட் எதுவும் இறங்கல. நீங்க ராத்திரி பூரா சிங்க் அழுத்தினாலும் இது மாறாதுங்க, ஏன்னா சிங்க் சரியாத்தான் வேலை செய்யுது. அனுப்பத்தான் அங்க ஒண்ணும் இல்ல.

உங்க ஐடி ஆளுங்க "வெயிட் பண்ணுங்க"ன்னு சொன்னதுக்கும் காரணம் இருக்குது. புதுசா என்ரோல் ஆன விண்டோஸ் மெஷின் முதல் 15 நிமிஷம் 3 நிமிஷத்துக்கு ஒரு தடவையும், அதுக்கப்புறம் 2 மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவையும், பிறகு ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் சர்வரைக் கேக்கும். பொதுவா காத்திருந்தா வந்துரும். உங்களுக்கு ஒரு வாரம் ஆயும் வரலைன்னா காத்திருக்க ஒண்ணுமில்ல.

டிக்கெட்டைத் திரும்பத் திறந்து இப்படி எழுதுங்க: "ரீ-என்ரோல் ஆன பிறகு என் மெஷினுக்குப் புது டிவைஸ் ஐடி வந்துள்ளது. பழைய ஐடி இருந்த ஆப் ஒதுக்கீட்டுக் குரூப்களில் புதிய ஐடி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கவும். இன்ட்யூன் மேனேஜ்மென்ட் எக்ஸ்டென்ஷன் இன்னும் வரவில்லை." அதே ஸ்டேட்டஸ் திரையில டிவைஸ் ஐடின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதை அப்படியே காப்பி பண்ணி டிக்கெட்டுல ஒட்டுங்க. இங்க ஒட்டிராதீங்க. "சாஃப்ட்வேர் வரல"ன்னு எழுதினா மூடிருவாங்க, குரூப்பைப் பாருங்கன்னு எழுதினா பாத்தே ஆகணும்.

ராஜாங்கம்_நெட்வொர்க் | இரவு 10.45
இது சரியான பதில். ஒண்ணு மட்டும் சேக்கறேன். குரூப்ல சேத்த பிறகும் ஏஜென்ட் வரலைன்னா, ஐடி ஆள் ரிஜிஸ்ட்ரில என்டர்பிரைஸ் டெஸ்க்டாப் ஆப் மேனேஜ்மென்ட் பகுதியில அந்த ஏஜென்ட்டோட எம்எஸ்ஐக்கான (இன்ஸ்டால் கோப்பு) ஸ்டேட்டஸ் எண்ணைப் பாக்கணும். 70ன்னா இன்ஸ்டால் முடிஞ்சுது, 60ன்னா தோல்வி. 60 இருந்தாதான் தோணித்துறை வழிக்கு யோசிக்கலாம். அதுவும் ஐடி ஆள்தான், நீங்க இல்ல.

தோணித்துறை | இரவு 10.49
அது போதும் சார்.

பொன்னி | இரவு 10.51
அதுவரைக்கும் காலைல கிளையன்ட் காலுக்கு என்ன பண்ணுவாங்க? விபிஎன் இல்லாமலே டீம்ஸ் பிரவுசர்ல வேலை செய்யுமே, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அதுல சேந்துக்கங்க மாசி.

மாசிவீதி | மறுநாள் பகல் 12.35
வந்துடுச்சு. குரூப்ல பழைய ஐடிதான் இருந்துச்சாம், புதுசை சேத்தாங்க. சாப்பிடப் போறதுக்குள்ள விபிஎன் தானா இறங்கிடுச்சு. கொடிவேரி அக்காவுக்கு ரொம்ப நன்றி.

தோணித்துறை | மறுநாள் பகல் 1.10
மாசி, அந்த சான்றிதழ் ரெண்டு இருந்துச்சா? ஐடி ஆளைக் கேட்டு சொல்லுங்களேன்.

சிறுவாணி | மறுநாள் மாலை 6.22
எங்க ஆபீஸ்லயும் இதே பிரச்சினை, ஆனா எங்களுது டைனமிக் குரூப்னு சொல்றாங்க. விதிப்படி தானா சேந்துக்கும், கையால சேக்க முடியாதுன்னு பதில். நேத்து சாயங்காலம்தான் ரீ-என்ரோல் பண்ணாங்க. என்ன செய்யறது?

கொடிவேரி | மறுநாள் இரவு 8.05
அவங்க சொல்றது சரிதாங்க. டைனமிக் குரூப்ல கையால சேக்க முடியாது. விதியைக் கணக்குப் பாத்து உறுப்பினர் பட்டியல் மாற 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். நாளைக்குக் காலைலயும் வரலைன்னா விதி எதை வச்சு எழுதியிருக்காங்கன்னு கேளுங்க. மெஷின் பேரை வச்சு எழுதியிருந்தா, பேரு மாறின மெஷின் அதுல விழாது. உங்க லேப்டாப் பேரும் மாறியிருக்குதா?

சிறுவாணி | மறுநாள் இரவு 8.31
ஆமாங்க, மாறியிருக்கு. முன்னாடி ஊர்ப் பேரோட சுருக்கம் இருக்கும், இப்ப வெறும் எழுத்தும் எண்ணுமா இருக்கு.

கொடிவேரி | மறுநாள் இரவு 8.40
அப்ப நாளைக் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே டிக்கெட்டுல பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் எழுதிப் போடுங்க.