பி பிளாக் சினிமா குழு: சனிக்கிழமைப் படம்

வியாழன்

சேகர், 8:14
சனிக்கிழமை சாயங்காலம் 7 மணி, கம்யூனிட்டி ஹால். படம்: நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ், 1994, டைரக்டர் ஆலிவர் ஸ்டோன். மிக்கி, மேலரின்னு ஒரு காதல் ஜோடி வழியெல்லாம் கொலை பண்ணிக்கிட்டே போகும், டிவி அவங்களை ஸ்டார் ஆக்கும், அதுதான் கதை. 18 வயசுக்கு மேல மட்டும்.

விஜி 3பி, 8:16
ப்ளஸ் டூ பசங்க வரலாமா அண்ணா? படம் மீடியாவைக் கிண்டல் பண்றதுதானேன்னு கேக்கறாங்க.

சேகர், 8:18
வேணாம்மா. ரத்தம் மட்டும் காரணமில்ல. பெத்த அப்பனே மகள்கிட்ட தப்பா நடந்துக்கற காட்சி ஆரம்பத்துலயே வருது. இன்னொண்ணு, படம் முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். வலிப்பு, ஒத்தைத் தலைவலி இருக்கறவங்க பெரியவங்களா இருந்தாலும் தவிர்த்துடுங்க.

முருகேசன் மாமா, 8:25
இதுக்கா ஹாலைத் திறக்கறீங்க? டிவிக்காரன் கொலைகாரனைக் கொண்டாடறான்னு சொல்றதுக்கு ரெண்டு மணி நேரம் தானும் கொலைகாரனைக் கொண்டாடற படம். குடி கெடுக்கும்னு சொல்லிக்கிட்டே ஊத்திக் கொடுக்கற மாதிரி.

பிரவீன், 8:27
மாமா, அதுதான் படமே 😄

முருகேசன் மாமா, 8:28
அப்படித்தான் 30 வருஷமா சொல்லித் தப்பிக்கறாங்க தம்பி.

நஸ்ரீன், 8:41
ரெண்டு பேர் சண்டையும் படத்தோட வயசுதான். 1994 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல வந்தப்பவே விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 4-க்கு 4 ஸ்டார் போட்டார். அதே வருஷம் வெனிஸ் விழாவுல நடுவர் குழுவோட சிறப்புப் பரிசு. அயர்லாந்துல தடை. பிரிட்டன்ல தணிக்கை வாரியம் சர்டிபிகேட்டை நிறுத்தி வெச்சு, இதைப் பாத்துத்தான் கொலை நடந்துச்சுன்னு வந்த செய்திகளை விசாரிச்சு, தொடர்பு இல்லன்னு முடிவான பிறகுதான் 18-னு கொடுத்தாங்க. தியேட்டருக்கு வந்தது 1995 பிப்ரவரியில. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்துல டன்ப்ளேன் பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூடு நடந்ததும் அங்க வீடியோ வெளியீடு நின்னு போச்சு. வந்தது 2001-ல.
மூலக் கதை எழுதின டாரன்டினோவே படத்தை ஏத்துக்கல. டைட்டில்ல அவருக்குக் 'கதை'ன்னு மட்டும்தான் பேர். ஆக, எடுத்த பக்கத்துலயே ஒத்துமை இல்ல.

கமலா அக்கா, 8:52
ஏன் பிரியறாங்கன்னு தெரியணும்னா அந்த அப்பா காட்சியைப் பாருங்க. ஒரு பழைய டிவி நகைச்சுவைத் தொடர் மாதிரியே எடுத்திருப்பாங்க: சோபா, மாடிப்படி, டைட்டில் கார்டு, பதிவு பண்ணின சிரிப்பு. அப்பனா நடிக்கறவர் ராட்னி டேஞ்சர்பீல்ட், ஊரறிஞ்ச காமெடியன். அவர் வாயில வர்றது மகளைப் பத்தின ஆபாசம். ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி கூட்டம் ஓன்னு சிரிக்கும்.
ஹால்ல உக்காந்திருக்கறவங்க மூணு விதமா பிரிவாங்க. அந்தச் சிரிப்போட சேர்ந்து சிரிக்கறவங்க, பாதியில சிரிப்பு நின்னு போறவங்க, சிரிப்புச் சத்தத்தைக் கேட்டே கோபப்படறவங்க. நடுவுல இருக்கறவங்களுக்குத்தான் படம் வேலை செய்யுது.

பிரவீன், 8:54
நான் நடு கேஸ் அக்கா

முருகேசன் மாமா, 8:55
நான் மூணாவது. அதுல தப்பென்ன?

கமலா அக்கா, 8:57
தப்பில்ல மாமா. ஆனா காட்சி மோசமா எடுக்கப்பட்டதுன்னு சொல்ல முடியாது. சிரிப்பை மியூட் பண்ணிப் பாருங்க, அது வெறும் கொடுமைக் காட்சி. சிரிப்பைப் போட்டதும்தான் யார் மேல கோபப்படணும்ங்கறது மாறுது.

முருகேசன் மாமா, 9:03
சரி, அந்தக் காட்சியை விட்டுடறேன். என் கேள்வி பின்பாதி பத்தி. கணக்கு எடுங்க. அப்பன் அயோக்கியன். துரத்தற போலீஸ்காரன் ஸ்காக்னெட்டி தானே ஒரு பொண்ணைக் கழுத்தை நெரிச்சுக் கொல்றவன். ஜெயில் வார்டன் கொடூரக் கோமாளி. டிவிக்காரன் வேய்ன் கேல் ரேட்டிங்குக்காக எதையும் விக்கறவன். கொல்லப்படறவங்கள்ல பாதிப் பேருக்குப் பேர்கூட இல்ல. மிச்சம் யாரு? ஒருத்தரை ஒருத்தர் உருகி உருகிக் காதலிக்கற மிக்கியும் மேலரியும். பாக்கறவன் வேற யார் பக்கம் நிப்பான்? கேலி பண்றவன் கேலி பண்ற இடத்துல நிக்கணும். ஸ்டோன் மாலை போடற இடத்துல நிக்கறாரு.

நஸ்ரீன், 9:06
இது நியாயமான அடி. ஒரே ஒரு விலக்கு: அந்தப் பழங்குடிப் பெரியவர். மிக்கி வருத்தப்படற ஒரே கொலை அது. அவர் கண்ணுக்கு இவங்க உடம்பு மேல 'பேய்'னும் 'ஓவர் டிவி'ங்கற அர்த்தத்துலயும் எழுத்து ஒளியா விழும். படத்துல நல்லவர் ஒருத்தர் இருக்காருன்னா அவர்தான். அவரையும் பத்து நிமிஷத்துல முடிச்சுடறாங்க.

கமலா அக்கா, 9:15
மாமா சொல்றதுல எனக்கும் பாதி சம்மதம். ஆனா கடைசிக் காட்சியைக் கணக்குல சேர்க்கல. இவங்க எப்பவும் ஒரு ஆளை உயிரோட விடுவாங்க, நடந்ததைச் சொல்றதுக்கு. கேல் அதைச் சொல்லி உயிர்ப்பிச்சை கேப்பான். அதான் விட்டுட்டுப் போறோமே, உன் கேமரான்னு பதில். அவன் சாகறதை அவன் கேமராவே எடுக்கும். சாட்சிங்கற இடத்துல மனுஷன் போய் மெஷின் வந்துடுது. படத்தோட மொத்தக் கிண்டலும் எனக்கு அங்கதான் இருக்கு, மத்த இரைச்சல்ல இல்ல.

விஜி 3பி, 9:16
அக்கா!! கிளைமாக்ஸை சொல்லிட்டீங்களே

கமலா அக்கா, 9:16
1994 படம்மா 🙏

நஸ்ரீன், 9:24
கேல் யாருன்னும் தெரிஞ்சுக்கணும். ராபர்ட் டவுனி ஜூனியர் ஆஸ்திரேலிய உச்சரிப்புல பேசுவார். அந்தக் கால அமெரிக்க டேப்லாய்டு டிவி, அதாவது பரபரப்புச் செய்தி டிவி, நிருபர்கள் நடை. சூப்பர் பவுல், அதாவது அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி, அன்னைக்கு ஜெயில்ல இருந்து நேரடிப் பேட்டி. அதுக்கு முன்னாடி மிக்கி, என்னைப் பத்தின நிகழ்ச்சிக்கு ரேட்டிங் எப்படின்னு கேப்பான். சார்லஸ் மேன்சன் (கொலைக் கும்பல் தலைவன்) மட்டும்தான் உன்னை முந்தினான்னு கேல் சொல்வான். டிவி நிருபர் ஜெரால்டோ ரிவேரா 1988-ல நிஜமாவே மேன்சனை ஜெயில்ல பேட்டி எடுத்திருந்தார், அதனால அமெரிக்கப் பார்வையாளருக்கு இது கற்பனையே இல்ல.
இன்னொண்ணு. 1994 ஜூன் 17, கொலைக் கேஸ்ல தேடப்பட்ட கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் வெள்ளை வண்டியில போக, பின்னாடி போலீஸ். நேரலையில பாத்தவங்க சுமார் 9.5 கோடிப் பேர்னு கணக்கு. படம் வந்தது ரெண்டு மாசம் கழிச்சு. படம் முடியறப்ப வர்ற துண்டுக் காட்சிகள்ல சிம்ப்சன், மெனென்டஸ் சகோதரர்கள், டோன்யா ஹார்டிங், வேகோன்னு அப்ப டிவியை நிறைச்ச கேஸ் எல்லாம் ஓடும். மிகைப்படுத்தல்னு நினைச்சு எடுத்தது, ரிலீஸ் ஆகறப்ப செய்தியாயிடுச்சு. கேலியா, செய்தியான்னு அப்பவே குழப்பம் வந்ததுக்கு இது ஒரு பெரிய காரணம்.

முருகேசன் மாமா, 9:31
கோர்ட் கேஸையும் சொல்லும்மா. அதை மட்டும் யாரும் பேச மாட்டேங்கறீங்க.

நஸ்ரீன், 9:38
சொல்றேன். 1995-ல ரெண்டு இளவயசுக்காரங்க மிசிசிப்பியில ஒருத்தரைக் கொன்னு, லூசியானாவுல ஒரு பெண்ணைச் சுட்டாங்க. இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தவங்கன்னு செய்தி வந்துச்சு. சுடப்பட்ட பெண் ஸ்டோன் மேலயும் பட நிறுவனம் வார்னர் மேலயும் வழக்கு போட்டாங்க. செத்தவர் வக்கீல்-நாவலாசிரியர் ஜான் க்ரிஷாமுக்குத் தெரிஞ்சவர். க்ரிஷாம் 1996-ல எழுதின வாதம்: சினிமாவும் ஒரு சரக்கு, கெட்ட சரக்கால ஒருத்தனுக்குக் கேடு வந்தா தயாரிச்சவன்தான் பதில் சொல்லணும். 1998-ல அப்பீல் கோர்ட் வழக்கை நடத்தலாம்னு விட்டுச்சு. 2001-ல தள்ளுபடி. வன்முறையைத் தூண்டற நோக்கத்தோட எடுத்தாங்கன்னு காட்ட ஆதாரம் இல்லங்கறதுதான் காரணம்.

முருகேசன் மாமா, 9:40
நோக்கம் இல்லன்னு சட்டம் சொல்லுச்சு. விளைவு இல்லன்னு சொல்லல.

நஸ்ரீன், 9:41
ஒத்துக்கறேன் மாமா. ஒண்ணு வேற, இன்னொண்ணு வேற.

வெள்ளி

சேகர், 10:05
இப்ப என் வேலை. இந்தப் படத்துல 35 எம்.எம்., 16 எம்.எம்., சூப்பர் 8, வீடியோன்னு பல வடிவத்துல எடுத்ததைக் கலந்திருக்காங்க. கேமரா ராபர்ட் ரிச்சர்ட்சன். ஒரே உரையாடல்ல கலர் போயி கருப்பு வெள்ளை வரும், உடனே பொரிப்பொரியா வீடியோ வரும். புரொஜக்டர்ல 'மோஷன் ஸ்மூதிங்', 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' ரெண்டையும் அணைச்சே ஆகணும். நாய்ஸ் ரிடக்‌ஷன் பிலிமோட பொரியைத் துடைச்சுடும். மோஷன் ஸ்மூதிங் எல்லாத்தையும் சீரியல் மாதிரி வழவழன்னு ஆக்கிடும். அப்புறம் சூப்பர் 8-க்கும் வீடியோவுக்கும் வித்தியாசமே தெரியாது. 'என்னய்யா சும்மா வெட்டி வெட்டிக் காட்டறான்'னுதான் தோணும்.

கமலா அக்கா, 10:11
சேகர் சொல்றது ரொம்ப முக்கியம். வெட்டுகள் கிட்டத்தட்ட 3000. தியேட்டர் வெர்ஷனோட 118 நிமிஷத்துக்கு வகுத்தா சராசரி ஷாட் ரெண்டரை நொடிகூட இல்ல. எடிட்டிங் மட்டும் 11 மாசம். சேனல் மாத்திக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கணும்ங்கறதுதான் திட்டம். வடிவ வித்தியாசம் போச்சுன்னா அந்தச் சேனல் மாத்தற உணர்வும் போயிடும், மிஞ்சறது தலைவலி.

சேகர், 10:14
சத்தம்: ஆரம்பத்துல வர்ற சாலையோர ஓட்டல் சண்டையை வெச்சு வால்யூம் செட் பண்ணப் போறேன். அதுக்கு முன்னாடி மெதுவான பாட்டு, பேச்சு. அதுக்கு ஏத்தினா ஜூக்பாக்ஸ் பாட்டு வெடிக்கும்போது ஏ பிளாக்ல இருந்து போன் வரும்.

பிரவீன், 10:20
எந்த வெர்ஷன் அண்ணா? டைரக்டர்ஸ் கட்டா, வெட்டாத முழுப் படமா?

கமலா அக்கா, 10:29
அதைத்தான் காட்டணும். அமெரிக்காவுல 'ஆர்' சர்டிபிகேட்டுக்காக (17-க்குக் கீழ பெரியவங்க கூட வந்தாதான் பாக்கலாம்) 150 ஷாட் வரைக்கும், நாலு நிமிஷம் போல எடுத்தாங்க. போனது பெரும்பாலும் ஜெயில் கலவரத்துல இருந்து: குச்சியில வார்டன் தலை, கேல் உள்ளங்கையில தோட்டா போட்ட ஓட்டை வழியா அந்தப் பக்கம் தெரியறது. ரெண்டுமே கார்ட்டூன். அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கற வன்முறை நிஜம் மாதிரி ஆயிடுது. கொடூரத்தைக் குறைக்கறோம்னு கிண்டலைக் குறைச்சுட்டாங்க.

முருகேசன் மாமா, 10:32
ஓட்டை இருந்தா கிண்டல், இல்லன்னா கொடூரம். நல்லாருக்கு.

கமலா அக்கா, 10:33
மாமா, ஓட்டல் காட்சியில தோட்டா ஒரு பொம்பளை முகத்துக்கு முன்னாடி ஒரு நொடி நின்னுட்டுப் போகும். அங்க ஹால்ல சிரிப்பு வரும், எழுதி வெச்சுக்கோங்க.

முருகேசன் மாமா, 10:34
வரும். அதுதான் என் பயம்.

நஸ்ரீன், 10:50
படம் முடிஞ்சதும் உடனே பேச விடாதீங்க. முதல்ல பேசறவர் 'சூப்பர்'னோ 'குப்பை'ன்னோ சொல்லிட்டா ஹால் ரெண்டா பிரிஞ்சுடும். அப்புறம் யாரும் காட்சியைப் பத்திப் பேச மாட்டாங்க. லைட் போட்டதும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, 5 நிமிஷம். ரெண்டே கேள்வி: எந்த இடத்துல சிரிச்சீங்க, எந்த இடத்துல சிரிப்பு நின்னுச்சு. பேர் வேணாம். சீட்டைக் கலந்து நான் படிக்கறேன், அதுக்கப்புறம் பேச்சு. 'பிடிச்சதா'ங்கற கேள்வி கடைசி வரைக்கும் வேணாம்.

முருகேசன் மாமா, 10:55
சிரிக்கவே இல்லன்னா?

நஸ்ரீன், 10:55
அதையே எழுதுங்க மாமா. அந்தச் சீட்டைத்தான் முதல்ல படிப்பேன்.

சேகர், 11:40
ஒரு சிக்கல். நம்மகிட்ட இருக்கற வெளிநாட்டு டிவிடி 1 மணி 57 நிமிஷம்தான் காட்டுது. டைரக்டர்ஸ் கட் 122 இருக்கணும். இது தியேட்டர்ல வந்ததுதானா?

கமலா அக்கா, 11:44
அவசரப்படாதே. அது PAL முறை டிஸ்க், ஐரோப்பா பக்கம் இருந்த டிவி முறை. 24 பிரேம் படத்தை 25-ல ஓட்டுவாங்க. 122-ஐ 24-ஆல பெருக்கி 25-ஆல வகு, 117 வரும். தியேட்டர் வெர்ஷனா இருந்தா 113 கிட்டதான் காட்டும். கடைசி அரை மணி நேரத்துல உள்ளங்கையைத் தேடு.

சேகர், 12:21
ஓட்டை இருக்கு. முழுப் படம்தான். குரல் மட்டும் எல்லாருக்கும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு.

கமலா அக்கா, 12:23
வேகம் 4 சதவீதம் கூடினதால. லேப்டாப்ல போட்டு 0.96-ல ஓட்டு. 'பிட்ச் மாறாம வை'ன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடு. எடுக்கலன்னா வேகம் குறையும், கீச்சு அப்படியே நிக்கும்.

சேகர், 12:31
சரியாயிடுச்சு 👍