கண்டினுவேஷன் பள்ளியில் வருகைக் கணக்கும் மாணவர் விவரமும் எப்படி எடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வருகைப் பதிவு பார்ப்பவர்:
கலிபோர்னியாவில், பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான கிரெடிட் (பாடப் புள்ளி) குறைந்த, 16 வயது நிரம்பிய பிள்ளைகள் படிக்கும் பள்ளி இது. இங்கே நாள் கணக்கு போதாது, மணிக் கணக்கும் வேண்டும். ஒரு நாள் என்பது 180 நிமிடம். ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு 15 மணி நேரம்தான் பள்ளிக்கு நிதி தரும் வருகைக் கணக்கில் ஏறும். திங்கள் விடுமுறை என்றால் 12. இருபது மணி நேரம் உட்கார்ந்தாலும் கூடுதலாக ஏறாது.

பெரும்பாலும் கோட்டை விடுவது தாமதத்தில்தான். 9 முதல் 12 வரை வகுப்பு. ஒரு பிள்ளை தினமும் 10 மணிக்கு வருகிறது என்று வையுங்கள். பதிவேட்டில் ஐந்து நாளும் வந்த மாதிரி இருக்கும், வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அதனால் முதல் மணியோடு பதிவை மூடிவிடாமல் ஒவ்வொரு மணிக்கும் எடுங்கள். டாக்டர் சீட்டு பிள்ளையைக் காப்பாற்றும், பள்ளிக்கு வரும் பணத்தைக் காப்பாற்றாது: 1998-99 முதல் காரணம் சொன்ன விடுப்புக்கும் நிதி கிடையாது.

முறையாக வேலைக்குப் போகும் 16, 17 வயதுப் பிள்ளைக்குச் சட்டம் கேட்பது வாரம் 4 மணி நேரம்தான். வேலைச் சான்று கோப்பில் இருக்கட்டும்.

மாணவர் விவரம் தொகுப்பவர்:
அக்டோபர் முதல் புதன்கிழமை எடுக்கும் தலைக்கணக்கை வைத்து இந்தப் பள்ளியை எடை போடாதீர்கள். அன்று 60 பேர் என்றால், வருடம் முழுக்க வந்து போனவர்கள் அதைவிட எவ்வளவோ அதிகமாக இருக்கலாம். ஒட்டுமொத்தச் சேர்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுபதில் ஒரு பிள்ளை என்பதே 1.7 சதவீதம், ஒரு குடும்பம் ஊர் மாறினால் வரைபடமே சரிகிறது. மாநில அறிக்கையில் 10 பேரோ அதற்குக் குறைவாகவோ உள்ள பிரிவில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிதான் இருக்கும். அது பூஜ்யம் அல்ல.

ஹிஸ்பானிக் என்று ஒருவர் குறித்துவிட்டால், இனம் எதுவானாலும் அறிக்கையில் அந்தப் பிரிவில்தான் வருவார்.

எனக்கு மனசு கனப்பது வீட்டு விவரப் படிவத்தில். வாடகை கட்ட முடியாமல் சித்தி வீட்டு ஹாலில் படுக்கும் பிள்ளையும் சட்டப்படி வீடற்றவர்தான். ‘வீடு இல்லையா?’ என்று கேட்டால் எந்த அம்மாவும் ஆமாம் என்று எழுத மாட்டார். ‘நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?’ என்று கேளுங்கள், பதில் வரும். அந்தப் பதிலால் பஸ் வசதியும் கிடைக்கும், வருகையும் கூடும்.

இன்னொரு உறுப்பினர்:
ஒன்று சேர்க்கிறேன். நீண்டகால வருகையின்மை என்பது சேர்ந்திருந்த நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராமல் போவது. பிப்ரவரியில் சேர்ந்து 80 நாள் இருந்த பிள்ளைக்கு 8 நாள் போதும், பட்டியலில் விழுந்துவிடும். பழைய பள்ளியில் வராமல் போன நாட்களைத் தனியாக வையுங்கள். பள்ளிகளின் நிலையை வண்ணத்தில் காட்டும் மாநில டேஷ்போர்டில் உயர்நிலைப் பள்ளிக்கு இதற்கான வண்ணமே கிடையாது, அது 8-ம் வகுப்பு வரைதான். மாநிலக் கல்வித் துறையின் புள்ளிவிவரத் தளமான டேட்டாக்வெஸ்டில் தேடுங்கள்.