மூச்சுமுட்டி 0-க்கு விழுந்தவருக்கு டெத் சேவ் எப்படி?

கேள்வி:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு), 2014 விதிகள். கான்ஸ்டிட்யூஷன் (உடலின் தாங்குதிறன்) 14 உள்ள ஃபைட்டர் (போர்வீரர்) தண்ணிக்கடியில் சிக்கினால் 3 நிமிஷம் மூச்சடக்கலாம், அப்புறம் 2 ரவுண்ட் (எல்லாரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று), அடுத்த டர்ன் (அவர் ஆடும் முறை) தொடங்கும்போது 0 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). இதுவரை சரி. அதன்பிறகு டெத் சேவில் (சாகக் கிடப்பவர் தன் டர்னில் உருட்டும் 20 முகப் பகடை) 20 விழுந்தால்? மூணு சக்சஸ் (10-ம் மேலும்) சேர்ந்தால்? ஹீலிங் வேர்ட் (குணப்படுத்தும் மந்திரம்) போட்டால் எழுந்திருப்பாரா?

பதில் 1:
எழுந்திருக்க மாட்டார். மூச்சு திரும்பும்வரை ஹிட் பாயிண்ட் ஏறாது, ஸ்டேபிளும் (சாவு நெருங்காத நிலை) ஆக்க முடியாது என்று அந்த விதியிலேயே இருக்கு. அதனால் 20 விழுந்தாலும் வழக்கமாகக் கிடைக்கும் 1 ஹிட் பாயிண்ட் கிடைக்காது. தோல்வி மட்டும் வழக்கம்போல: 2 முதல் 9 வரை ஒன்று, 1 விழுந்தால் இரண்டு. பக்கத்தில் வந்து சுறா கடித்தால் அது கிரிட்டிக்கல் (பலத்த அடி), இன்னும் இரண்டு தோல்வி.

முதலில் காற்று, அப்புறம்தான் வைத்தியம். தலையை மேலே தூக்குங்க, இல்லாட்டி வாட்டர் ப்ரீதிங் (தண்ணியில் மூச்சுவிட வைக்கும் மந்திரம்). இங்கேதான் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடுறவங்க சறுக்குவாங்க: ஹீலிங் வேர்டை போனஸ் ஆக்ஷனில் (டர்னில் கூடுதலாகச் செய்யும் சின்னச் செயல்) போட்டால் அதே டர்னில் கேன்ட்ரிப் (எளிய மந்திரம்) தவிர வேற ஸ்பெல் கிடையாது. ஹீலிங் வேர்ட், வாட்டர் ப்ரீதிங் ரெண்டும் ஒரே டர்னில் நடக்காது. டெத் வார்டையும் (சாவைத் தடுக்கும் மந்திரம்) நம்பாதீங்க. டேமேஜால் 0-க்குப் போனால்தான் அது பிடிக்கும், மூச்சுமுட்டல் டேமேஜ் இல்லை.

பதில் 2:
மூணு சக்சஸ் விஷயத்தில் ஒரு வாதம் உண்டு: "ஸ்டேபிள் ஆக்க முடியாது" என்பது மற்றவங்களுக்குத்தான், தானே ஆகலாம் என்று. எனக்கு ஒப்பில்லை. அப்படி வைத்தால் காற்றே இல்லாமல் ஆள் குளத்தடியில் நிம்மதியாப் படுத்திருப்பார். சக்சஸை எண்ணாமல் மூணு தோல்வி (சாவு) வரை உருட்டவிடுங்க. கணக்குப் போட்டால் சராசரி ஆறு ரவுண்ட் சொச்சம், கெட்ட நேரம் என்றால் இரண்டே உருட்டல்.

பதில் 3:
2024 விதிகளில் இந்தத் தகராறே இல்லை. மூச்சு தீர்ந்ததும் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் ஒரு எக்ஸாஷன் (களைப்பு) லெவல், ஆறாவதில் சாவு. காற்று கிடைத்தால் மூச்சுமுட்டலால் வந்த லெவல் எல்லாம் போய்விடும். ஹீலிங் வேர்ட் தண்ணிக்கடியிலேயே பலிக்கும், ஆனால் எக்ஸாஷன் ஏறுறது நிற்காது. நடுவில் அடிபட்டு 0-க்குப் போனால் டெத் சேவிலும் லெவலுக்கு 2 கழியும். மூணு லெவலில் இருக்கிறவருக்கு 16 விழுந்தால்தான் சக்சஸ். பயணக் களைப்பில் ஏற்கெனவே இரண்டு லெவலோடு குதித்தவருக்கு நாலே டர்ன்தான்.