போஸ்ட்ஃபிக்ஸ்: சந்தா மடலை மட்டும் வேறு ஐபி முகவரியிலிருந்து அனுப்புவது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் பதிப்பகத்தின் மின்னஞ்சல் சேவையகத்தில் (டெபியன் இயங்குதளம், அஞ்சலை அனுப்பும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ்) இரண்டு ஐபி முகவரிகள் உள்ளன. 203.0.113.10, 203.0.113.11 என்று வைத்துக்கொள்வோம். அலுவலகக் கடிதங்கள் முதலாவதிலிருந்தும், சந்தாதாரர்களுக்கான மாத மடல் இரண்டாவதிலிருந்தும் போக வேண்டும். மடலை நான்கு பேர் ஸ்பேம் என்று குறித்தால், எழுத்தாளருக்கு அனுப்பும் மெய்ப்புப் படியும் குப்பைக்குப் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல், எந்த முகவரியிலிருந்து அனுப்புவது என்று சொல்லும் எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ் என்பதற்கு 203.0.113.11 கொடுத்தேன். உடனே அமாவிஸுக்கு (ஸ்பேம், வைரஸ் சோதிக்கும் மென்பொருள்) போக வேண்டிய அஞ்சல்கள் எல்லாம் வரிசையில் தேங்கிவிட்டன. ஏன்?

பதில் 1:
அந்த வரியை உடனே நீக்குங்கள். மெயின்.சிஎஃப்-இல் எழுதுவது எல்லா எஸ்எம்டிபி கிளையன்டுக்கும் (அஞ்சலை அடுத்த சேவையகத்துக்குக் கொடுக்கும் பகுதி) பொருந்தும். அமாவிஸுக்குப் போகும் உள் இணைப்பும் .11 என்ற முகவரியோடு கிளம்புகிறது. அமாவிஸோ, மாற்றிச் சொல்லாதவரை, அதே கணினியின் 127.0.0.1-இலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும்.

போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகளைப் பட்டியலிடும் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபி யூனிக்ஸ் என்று தொடங்கும் வரியைப் படியெடுத்து, முதல் சொல்லுக்குப் பதிலாக உங்கள் விருப்பப்படி ஒரு பெயர் வையுங்கள். அதன் கீழே இடைவெளி விட்டு, -ஓ போட்டு, எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ்=203.0.113.11 என்று எழுதுங்கள். சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. இதேபோல எஸ்எம்டிபி_ஹெலோ_நேம் (இணைந்ததும் ஹெலோ என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் பெயர்), சிஸ்லாக்_நேம் (பதிவேட்டில் எழுதப்படும் பெயர்) இரண்டையும் சேருங்கள். பின்னது இருந்தால் பதிவேட்டில் எந்த வழியாகப் போனது என்று ஒரே பார்வையில் தெரியும்.

பிறகு மெயின்.சிஎஃப்-இல் சென்டர்_டிபென்டன்ட்_டிஃபால்ட்_டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் என்பதைச் சேர்த்து, எந்த அனுப்புநருக்கு எந்த வழி என்று சொல்லும் ஓர் அட்டவணைக் கோப்பைக் கொடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 2.7 முதல் இது உண்டு. அட்டவணையில் இடப்பக்கம் @ குறியோடு டொமைன், வலப்பக்கம் புதிய பெயரும் முக்காற்புள்ளியும். போஸ்ட்மேப் ஓட்டி, ரீலோட் செய்யுங்கள். பெறுநரை வைத்து வழியை முடிவுசெய்யும் டிரான்ஸ்போர்ட்_மேப்ஸில் ஜிமெயிலுக்கென்று தனி வரி ஏதும் இருந்தால் அதுவே முந்திக்கொள்ளும், அதையும் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரியான வழி. ஆனால் டிஎன்எஸ்ஸைத் தொடாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். 203.0.113.11-க்குத் தலைகீழ்ப் பதிவு (முகவரியிலிருந்து பெயரைக் காட்டுவது) வேண்டும். அது காட்டும் பெயர் மறுபடி அதே முகவரிக்கு வந்து சேர வேண்டும். ஹெலோவிலும் அதே பெயரைச் சொல்லுங்கள். உங்கள் டொமைன் பெயரில் எந்த முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் இந்த முகவரியைச் சேருங்கள். தலைகீழ்ப் பதிவு இல்லாத அஞ்சலை ஜிமெயில் திருப்பி அனுப்பக்கூடும்.

சேவையகத்தில் ஐபிவி6 இருந்தால், பைண்ட் அட்ரஸ் அதைக் கட்டுப்படுத்தாது. அந்த வழியாக அஞ்சல் நழுவிப் போகும். மடலுக்கான பகுதியில் இனெட்_புரோட்டோகால்ஸ்=ஐபிவி4 என்று சேர்ப்பது எளிது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ஐபியைப் பிரித்தால் மட்டும் போதாது. நற்பெயரை டொமைனை வைத்தும் கணக்கிடுகிறார்கள். மடலுக்குத் தனித் துணை டொமைனும் தனி டிகேஐஎம் சாவியும் (அஞ்சலில் டொமைனின் கையொப்பம் இடுவது) கொடுங்கள். புது முகவரியிலிருந்து முதல் நாளே பட்டியல் முழுவதற்கும் அனுப்பாதீர்கள். மடலைத் தவறாமல் படிப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அமாவிஸ் வரிசை கரைந்துவிட்டது. துணை டொமைனும் அமைத்துவிட்டேன். ஆனால் சோதனை மடல் இன்னும் .10 வழியாகவே போகிறது. அனுப்புநர் இடத்தில் துணை டொமைன் சரியாகத்தான் இருக்கிறது.

பதில் 1:
பெறுபவர் கண்ணில் படும் அனுப்புநரை போஸ்ட்ஃபிக்ஸ் இதற்குப் பார்ப்பதில்லை. உறையில் உள்ள அனுப்புநரை, அதாவது சேவையகங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் திரும்பும் முகவரியைத்தான் பார்க்கிறது. பதிவேட்டில் கியூ மேனேஜர் (வரிசையைக் கவனிக்கும் பகுதி) எழுதும் வரியில் ஃப்ரம்= என்பதற்குப் பின் என்ன இருக்கிறது? வலைச் சேவையகத்தின் பயனர் பெயர் இருந்தால், மடல் மென்பொருளில் திரும்பும் முகவரியை மாற்றுங்கள்.

கேட்டவர்:
அதேதான். மாற்றியதும் ஜிமெயிலில் மூல அஞ்சலைத் திறந்து பார்த்தேன். ரிசீவ்டு வரியில் 203.0.113.11 இருக்கிறது.

பதில் 2:
நல்லது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.7 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ்_என்ஃபோர்ஸ்=யெஸ் என்பதையும் மடல் பகுதியில் சேருங்கள். இல்லாவிட்டால் என்றாவது .11 கிடைக்காதபோது, ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு வேறு முகவரியிலிருந்து மடலை அனுப்பிவிடும்.