போடி ரயிலுக்கு 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமா?

கணவாய்க்காரன்:
நெடுங்காலம் விட்டுப்போன மாடல் வேலைக்குத் திரும்பி வந்துவிட்டதாகவும், மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலை 1:87 அளவில், அதாவது அசலின் 87இல் ஒரு பங்காக, இம்மியும் பிசகாமல் செய்து முடித்திருப்பதாகவும் தெப்பக்குளத்தான் நேற்று இங்கே படங்களுடன் அறிவித்தார். பாராட்டுகள் குவிந்துவிட்டன, தண்டவாளத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மீட்டர்கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதை அதற்குப் போதும். அவர் போட்டிருப்பதோ 16.5. அதை 87ஆல் பெருக்கினால் வருகிற 1435 மி.மீ. ஐரோப்பாவின் பாதை. போடி வழித்தடத்தில் 2010 ஆம் ஆண்டு முடிவு வரை ஓடியது மீட்டர்கேஜ். பிறகு 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் வந்தது 1676 மி.மீ. அகலப்பாதை. இந்த இரண்டுக்கும் நடுவே உசிலம்பட்டி வழியாக ஐரோப்பிய ரயில் எந்த ஆண்டில் ஓடியது என்பதை அவர் தெரிவித்தால் குறித்து வைத்துக்கொள்வேன்.

தெப்பக்குளத்தான்:
வரவேற்புக்கு நன்றி ஐயா. மூன்று மாதிரிப் பெட்டிகளுக்கும் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியதையும், ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜினின் உடல் முழுவதையும் பிளாஸ்டிக் அட்டையிலிருந்தே எழுப்பியதையும் தாங்கள் கவனிக்காதது எனக்கு வியப்பளிக்கவில்லை. அந்த இன்ஜினுக்கு ஆறு அச்சுகள். ஆறு அச்சுள்ள 1:87 அமெரிக்க டீசல் ஒன்றின் அடிச்சட்டம் மோட்டாரோடு கைக்குக் கிடைத்தது, அது 16.5இல்தான் ஓடும். ஓடாத ரயிலைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் கும்பிடுவதைவிட, நாலரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலும் ஓடுகிற ரயில் எனக்குப் போதும். தாங்கள் கடைசியாக எந்த மாடலைச் செய்து முடித்தீர்கள் என்பதையும் இந்தச் சபை அறிந்துகொள்ளலாமா?

கணவாய்க்காரன்:
நான் எதை முடித்தேன் என்பது இங்கே கேள்வியே அல்ல, 12 மி.மீ. என்பதுதான் கேள்வி. நாலரை மில்லிமீட்டர்தானே என்று சொல்பவர் மீட்டர்கேஜ் பெட்டியை ஒருமுறையாவது எதிரே நின்று பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் அகலம் 2744 மி.மீ. ஒரு மீட்டர் தண்டவாளத்தின் மேல் இரண்டே முக்கால் மீட்டர் உடல் உட்கார்ந்திருக்கும். இருபுறமும் எண்பது தொண்ணூறு சென்டிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்க, கணவாய் வளைவில் அது லேசாகச் சாய்ந்து ஆடிக்கொண்டு வருகிற தோற்றம்தான் போடி ரயில். 1:87இல் பெட்டி முப்பத்தொன்றரை மி.மீ. வரும், அதன் அடியில் 12 வைத்தால் அந்தத் தோற்றம் வந்துவிடும். 16.5 வைத்தால் கால் அகட்டி நிற்கிற ஏதோ ஒரு வெளிநாட்டு வண்டிதான் நமக்கு மிஞ்சும். ஜன்னல் கம்பியை எத்தனை மெல்லியதாக வெட்டினாலும் அது மாறப்போவதில்லை.

மேலமாசிக்காரர்:
இருவரும் சற்றுப் பொறுக்க வேண்டும். ரயில் மாடலுக்குப் பேர்போன இங்கிலாந்துக்காரர்களே தவறான அகலத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஓ.ஓ. என்கிற மாடல் அளவு 1:76.2; தண்டவாளம் மட்டும் நம் தெப்பக்குளத்தார் போட்டிருக்கும் அதே 16.5. நாலடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டிய பாதை அங்கே நாலடி ஒன்றரை அங்குலமாகச் சுருங்கிக் கிடக்கிறது. அவர்களுடைய இன்ஜின்கள் உருவில் சிறியவை. 1:87இல் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் தலைமுறை தலைமுறையாக மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்.

கணவாய்க்காரன்:
பாதி வரலாறு சொன்னதற்கு நன்றி. அதே இங்கிலாந்தில் அந்தத் தவறைப் பொறுக்க முடியாதவர்கள் 18.2 மி.மீ. என்றும், பிறகு அதுவும் போதாமல் 18.83 என்றும் புதிய பாதைகளைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மேலும் அவர்களுக்கு இருந்த நெருக்கடி நமக்கு இல்லை. சுவிட்சர்லாந்தின் ரேட்டிஷ் ரயில்வே முழுக்க மீட்டர்கேஜ். அதற்காகவே பெமோ நிறுவனம் 12 மி.மீ. சக்கரங்களோடு வண்டிகள் செய்கிறது, பீக்கோ நிறுவனம் 12 மி.மீ. தண்டவாளம் தருகிறது. காசு கொடுத்தால் கிடைக்கிற பொருளை வாங்காமல் இருந்துவிட்டு வரலாற்றைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

பசைக்குப்பி:
நான் விமான மாடல் செய்பவன், ரயில் சண்டையில் எனக்குப் பங்கில்லை. ஆயினும் அளவு என்பது வானத்திலிருந்து இறங்கியதாக எண்ண வேண்டாம். இன்று உலகம் முழுவதும் ராணுவ டாங்குகளுக்குப் பொதுவாகிவிட்ட 1:35 அளவு, 1960களின் தொடக்கத்தில் டாமியா நிறுவனம் தன் டாங்குக்குள் மோட்டாரையும் பேட்டரியையும் அடக்கப் போய் அமைந்தது. பேட்டரிதான் அங்கே பிரம்மா. எங்கள் 1:72இல் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் இருப்பான். அதற்கு மேல் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. என் கேள்வி வேறு: இரண்டாவது பெட்டியின் ஜன்னல் கண்ணாடிகள் ஏன் பால் பூத்தது போல் இருக்கின்றன? ஃபெவிக்விக்கால் ஒட்டினீர்களா?

தெப்பக்குளத்தான்:
காலையில் வீசிய பனியின் ஈரம் படிந்ததைக் காட்டியிருக்கிறேன்.

பசைக்குப்பி:
மதுரையில் ஜன்னல் உள்பக்கம் படிகிற பனியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஃபெவிக்விக் காயும்போது எழும் ஆவி அருகிலுள்ள கண்ணாடியில் படிந்து வெளுத்துவிடும். விமானத்தின் கண்ணாடி விதானத்தை அதனால் கெடுக்காதவர் எங்களில் யாரும் இல்லை. திரும்பி வருபவர்கள் முதலில் மறப்பது இதைத்தான். கண்ணாடிக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிந்துவிடும். பரணில் கிடந்த பழைய மாடல் கிட்டின் (பாகங்கள் அடங்கிய பெட்டியின்) ஒட்டுத்தாள்கள் மஞ்சளித்துப் போயிருந்தால், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வெயில் விழும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், வெளுத்துவிடும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

கணவாய்க்காரன்:
கண்ணாடி வெளுக்கட்டும், ஒட்டுத்தாள் மஞ்சளிக்கட்டும். 12 மி.மீ. எங்கே?

உசிலைக்காரன்:
நான் அந்த ரயிலில் பள்ளிக்கூடம் போனவன். தண்டவாளத்தை அளந்து பார்த்ததில்லை. பெட்டியின் நிறம் நன்றாக நினைவிருக்கிறது. என் காலத்தில் அது செங்கல் போன்ற அரக்குச் சிவப்பு. படத்தில் நீலமாக இருக்கிறது. இதைப் பற்றி யாரும் ஏன் பேசவில்லை?

தெப்பக்குளத்தான்:
நீலம் பின்னால் வந்தது அண்ணே. நான் செய்திருப்பது கடைசி ஆண்டுகளின் ரயில்.

உசிலைக்காரன்:
கடைசி ஆண்டுகளிலும் நான் போயிருக்கிறேன். நீலம் அவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை. ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாறு வழிந்த கோடுகள் இல்லாத ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை; அதை விட்டுவிட்டு 'இம்மியும் பிசகாமல்' என்று எழுதியிருக்கக் கூடாது.

மேலமாசிக்காரர்:
இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷையும் கம்ப்ரஸரையும் என்னிடமிருந்து இரவல் வாங்கிப் போனவர் இதே இழையில் இருக்கிறார். அவர் துல்லியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் திருப்பித் தரும் தேதியின் துல்லியம் நினைவுக்கு வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கு நாலரை மில்லிமீட்டர் பெரிதாகத் தெரிகிறது.

கணவாய்க்காரன்:
கம்ப்ரஸர் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறது என்பதை மேலமாசியாருக்குத் தொலைபேசியிலேயே தெரிவித்துவிட்டேன். அதைப் பொதுவில் எழுதியது அவருடைய பண்பு. விஷயத்துக்கு வருகிறேன். 16.5 பாதையை விடவே முடியாது என்றால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. ஆயிரத்தைப் பதினாறரையால் வகுங்கள். அறுபது சொச்சம் வரும். ரயிலை 1:60இல் செய்யுங்கள். பாதையும் சரி, உடலும் சரி. பெட்டி நாற்பத்தைந்து மி.மீ. அகலத்தில் அழகாக நிற்கும்.

தெப்பக்குளத்தான்:
1:60இல் மனிதப் பொம்மை எங்கே கிடைக்கும், மாட்டுவண்டி எங்கே கிடைக்கும், நடைமேடை விளக்கு எங்கே கிடைக்கும் என்பதையும் ஐயா அருளலாம். 1:87இல் எல்லாம் கிடைக்கின்றன. தங்கள் யோசனைப்படி போனால் துல்லியமான ரயில் ஒன்று ஆளரவமற்ற ஆண்டிப்பட்டியில் வந்து நிற்கும். நான் அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டேன்: பழைய பாம்பன் பாலம். அதிலும் இதே 16.5 பாதைதான் வரும். இப்போதே சொல்லிவிட்டால் தாங்கள் முன்கூட்டியே புலம்பி முடித்துக்கொள்ளலாம்.

கணவாய்க்காரன்:
1914இல் திறந்த அந்தப் பாலத்தில் 2007 வரை ஓடியதும் மீட்டர்கேஜ்தான். ஆகவே அங்கும் 12. அதற்குப் பிந்தைய அகலப்பாதையைச் செய்கிறேன் என்று தப்பிக்கப் பார்த்தால் 1676ஐ 87ஆல் வகுங்கள், பத்தொன்பதேகால் வரும். எந்தக் காலத்தை எடுத்தாலும் 16.5 அந்தப் பாலத்தில் ஏறாது. இரண்டு கிலோமீட்டர் பாலம் 1:87இல் இருபத்து மூன்று மீட்டர் நீளம் வரும் என்பதையும், அது தங்கள் வீட்டுக் கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

பசைக்குப்பி:
தூக்குப் பகுதியை மட்டும் செய்தால் போதுமே.

தெப்பக்குளத்தான்:
அதைத்தான் செய்கிறேன். வெட்டிய கர்டர்களின் படத்தை இணைத்திருக்கிறேன்.

கணவாய்க்காரன்:
படத்தில் கர்டர்கள் தெரிகின்றன, பெயர்ப்பலகை தெரிகிறது, தங்கள் கட்டைவிரலும் தெரிகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அடிக்கோலை வைத்து மேலிருந்து எடுத்த படம் மட்டும் வழக்கம்போல இல்லை. அதைப் போடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

மேலமாசிக்காரர்:
எந்தக் கடையில் இருக்கிறது அந்தக் கம்ப்ரஸர்?