லினக்ஸில் பழைய வீசீடி: டிரைவ் தெரியுது, படத்தை கொப்பி பண்ண ஏலாம இருக்கு

கல்முனைத்தம்பி:
டெபியன் 12 (ஒரு லினக்ஸ் வகை) போட்ட லெப்டொப். உள்ளே சீடி டிரைவ் இல்ல, யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒண்டு செருகியிருக்கன். 2003 கலியாண வீடியோ, ஸ்டூடியோவில அடிச்சுத் தந்த வீசீடி. சிலவேளை டிஸ்க் சுத்தத் தொடங்கினதும் டிரைவே காணாமப் போகுது. மற்ற நேரம் தானாவே மவுண்ட் ஆகி (டிஸ்க் ஃபோல்டராத் திறந்து), எம்பெக்ஏவி ஃபோல்டருக்குள்ள ஏவிசீக்01.டாட் தெரியுது. இழுத்துப் போட்டா 'இன்புட்/அவுட்புட் எரர்'. டிஸ்க்கில கீறல் இல்ல, டிவிடி பிளேயர்ல நல்லா ஓடுது. டிரைவ் பழுதா?

கல்லடிப்பாலம்:
கொப்பி ஆகாததுக்கு டிரைவ் காரணமில்ல தம்பி. சாதாரண டேட்டா சீடியில ஒரு செக்டருக்கு (டிஸ்க்கில ஒரு துண்டுக்கு) 2048 பைட். மவுண்ட் பண்ணினா கேர்னல் (லினக்ஸின்ட மையப் பகுதி) அந்த அளவிலதான் வாசிக்கும். வீசீடியில படம் கிடக்கிற டிராக் வேற மாதிரி: 'மோட் 2 ஃபோர்ம் 2' என்ற செக்டர் அமைப்பு, செக்டருக்கு 2324 பைட். பெயர்ப்பட்டியல் முதலாவது டிராக்கில இருக்கிறதால ஃபோல்டர் திறக்குது, படத்துக்குப் போனதும் முட்டுது. டிடி, டிடிரெஸ்க்யூ மாதிரி கொப்பி எடுக்கிற கட்டளை எதைப் போட்டாலும் இதே கதைதான்.

'வீசீடிஇமேஜர்' பொதியை நிறுவுங்க. முதல்ல /டெவ்/எஸ்ஆர்0 ஐ (லினக்ஸில உங்கட டிரைவுக்குள்ள பெயர்) யூமவுண்ட் பண்ணுங்க, அதாவது மவுண்டைக் கழட்டுங்க, தட்டைத் திறக்க வேணாம். படம் சேர வேண்டிய ஃபோல்டருக்குள்ள நிண்டு:

வீசீடிஎக்ஸ்ரிப் --சீடிரோம்-டிவைஸ்=/டெவ்/எஸ்ஆர்0

ஏவிசீக்01.எம்பிஜி என்று வரும். அதுதான் மூல எம்பெக்-1, 352×288. திருப்பி என்கோட் பண்ணாதீங்க, இருக்கிற கொஞ்சத் தெளிவும் போயிடும். 'பெர்மிஷன் டினைட்' வந்தா உங்கட பயனரை சீடிரோம் குழுவில சேர்த்து, லொக்அவுட் பண்ணி வாங்க.

அக்கரைப்பத்து நானா:
காணாமப் போறது கரண்ட் போதாம. யூஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஅம்பியர்தான், டிஸ்க் சுழலத் தொடங்கிற நேரம் அதைவிடக் கூட இழுக்கும். டிமெஸ்ஜி (கேர்னல் பதிவைக் காட்டுற கட்டளை) பாருங்க, 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று திரும்பத் திரும்ப இருந்தா இதேதான். தனி அடப்டர் உள்ள ஹப்பில போடுங்க, இல்லாட்டி ரெண்டு தலை உள்ள வயர். நீட்டு எக்ஸ்டென்ஷன் வயரைக் கழட்டி வைங்க.

பழைய டெஸ்க்டொப் டிரைவைக் கழட்டி சாட்டா டொங்கிள்ல (டிரைவை யூஎஸ்பியில இணைக்கிற வயர்) மாட்டப் பார்க்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றன்: அதுக்கு 12 வோல்டும் வேணும். லெப்டொப் ஹார்ட்டிஸ்க்குக்கு விக்கிற சின்ன டொங்கிள் 5 வோல்ட் மட்டும்தான் தரும், தட்டுக்கூட வெளிய வராது.

கல்முனைத்தம்பி:
ஹப்பில போட்டதும் டிரைவ் நிலைச்சிட்டு நானா. முதல் டிஸ்க் முழுசா இறங்கிட்டு. ரெண்டாவது நடுவில ஒரு இடத்தில நிக்குது, டிஸ்க்கில வெள்ளையா மங்கல் படிஞ்சிருக்கு.

கல்லடிப்பாலம்:
ஃபோர்ம் 2 இல பிழை திருத்தும் மேலதிக பைட் கிடையாது. அந்த இடத்தைத்தான் படத்துக்குக் குடுத்திருக்காங்க. அதனால டேட்டா சீடி தாங்கிற அழுக்கை வீசீடி தாங்காது. நம்மட கடற்கரைக் காத்தில இப்பிடி மங்கல் படிறது வழமைதான். இளஞ்சூட்டுத் தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்டு, மெல்லிய பருத்தித் துணியால நடுவில இருந்து விளிம்புக்கு நேராத் துடைங்க. வட்டமாத் தேய்க்காதீங்க. லேபல் பக்கம் நனையக் கூடாது.

காய்ஞ்ச பிறகு 'இஜெக்ட் -எக்ஸ் 4 /டெவ்/எஸ்ஆர்0' குடுத்து வேகத்தைக் குறைச்சு எடுத்துப் பாருங்க. எல்லா டிரைவும் அந்தக் கட்டளைக்கு அடங்காது. அதே இடத்தில நிண்டா வேற கம்பனி டிரைவ் ஒண்டை இரவல் வாங்கிப் போடுங்க, ஒண்டு வாசிக்காததை மற்றது வாசிக்கும்.