சியாமெனில் போய் மாண்டரின் படித்தால் உச்சரிப்பு கெட்டுவிடுமா?

பர்கூர் பையன்

எல்லோருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் ஏற்றுமதி ஆபீஸில் டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன், பி.காம். எங்கள் கல்லில் பெரும்பகுதி ரஃப் பிளாக்காகவே சென்னை துறைமுகம் வழியாக சீனாவில் சியாமெனுக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் ஷுயிதோ என்ற ஊர்க்காரர்கள். இவ்வளவு நாள் சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்து ஓட்டிவிட்டோம். இப்போது முதலாளி, "நீயே ஒரு வருஷம் சியாமென் போய்ப் படித்துவிட்டு வா, பாதிச் செலவு நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்கிறார்.

போனில் ஆப் வைத்து எச்எஸ்கே (சீன மொழித் தகுதித் தேர்வு) இரண்டாம் நிலை அளவுக்குப் படித்திருக்கிறேன். ஆனால் குவாரிக்கு வரும் பையர்கள் பிளாக் மேல் தண்ணீர் ஊற்றி விரிசல் தேடும்போது தங்களுக்குள் பேசிக்கொள்வதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் அது மின்னான், எங்கள் ஊர்ப் பேச்சு என்கிறார்கள். சரி, என்னிடம் மாண்டரினில், அதாவது சீனப் பொதுமொழியில், பேசுங்கள் என்றால் அதுவும் ஆப்பில் கேட்ட மாதிரி இல்லை. இப்படிப்பட்ட ஊரில் போய்ப் படிப்பதா, இல்லை பெய்ஜிங் பக்கம் எங்காவது போய்விடுவதா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஹார்பின் ரிட்டர்ன்

வடக்கே போங்க தம்பி, யோசிக்கவே வேண்டாம். நான் எம்பிபிஎஸ் படித்தது ஹார்பினில். அங்கே டாக்ஸி ஓட்டுகிறவர் பேசுவதும் பாடப் புத்தக சிடியில் வருவதும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கும். பொதுமொழிக்கு உச்சரிப்பு வகுக்கும்போது 1953-இல் ஆள் அனுப்பிப் பேச்சைப் பதிவு செய்ததே பெய்ஜிங்குக்கு வடகிழக்கே லுவான்பிங் என்ற வட்டாரத்தில்தான், அந்தப் பக்கம் முழுக்கத் தெளிவாகப் பேசுவார்கள். ஜனவரியில் மைனஸ் இருபதுக்குக் கீழே போகும், அதை மட்டும் தாங்கிக்கொண்டால் போதும். தெற்கே போனால் நாக்கு மடக்கவே வராது.

தருமபுரி வாணி

ஹார்பின்காரர் சொல்வது அவர் படிப்புக்குச் சரி. ஆனால் தம்பி, நீ யாரிடம் பேசப் போகிறாய்? ஹார்பின் டாக்ஸிக்காரரிடமா, ஷுயிதோ கல் வியாபாரியிடமா? நான் சியாமெனில் மொழி படித்துவிட்டு அங்கேயே கொஞ்ச காலம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், மின்னான் என்பது மாண்டரினின் கொச்சை கிடையாது. நம் ஆட்கள் சிங்கப்பூர், மலேசியாவில் ஹொக்கியன் என்று கேள்விப்பட்டிருப்பார்களே, அதே குடும்பம்தான். மாண்டரின் மட்டும் தெரிந்த பெய்ஜிங்காரருக்கே அது புரியாது, அதனால் குவாரியில் உனக்குப் புரியாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஓசூரில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறார்கள் அல்லவா, அவர்கள் தமிழில் அந்தச் சாயல் லேசாக இருக்கும், அதற்காகத் தமிழ் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? சியாமென்காரர்கள் பேசும் மாண்டரினும் அப்படித்தான்.

வகுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். மொழி ஆசிரியர்கள் பொதுமொழி உச்சரிப்புத் தேர்வு எழுதி நிலைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், 1994-இலிருந்து இந்தத் தேர்வு நடக்கிறது. அதோடு சியாமெனில் வெளி மாகாணத்து ஆட்கள் ஏராளம், கடையிலும் ஹாஸ்டலிலும் மாண்டரின்தான் ஓடும். இளவட்டத்தில் பலருக்கு மின்னான் சரியாகப் பேசவே வராது.

அப்புறம் நீ ஆப்பில் கேட்டதும் அவர்கள் பேசுவதும் எங்கே பிரிகிறது என்று பார். ஷ, ச்ஷ மாதிரி நாக்கை மடக்கிச் சொல்லும் ஒலிகள் எல்லாம் அவர்கள் வாயில் ஸ, ட்ஸ என்று தட்டையாகிவிடும். எஃப் ஒலி ஹ ஆகும், தங்கள் மாகாணமான ஃபுஜியானையே ஹுஜியான் என்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், விலை பேசும்போதுதான் வினை. நான்கு என்பது ஸி, பத்து என்பது ஷி. அதனால் 14 ஷி-ஸி, 40 ஸி-ஷி. ஷுயிதோ ஆள் சொன்னால் இரண்டுமே ஸி-ஸிதான்! அங்கே உன்னைக் காப்பாற்றுவது மெய்யெழுத்து இல்லை, சுரம், அதாவது சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறுவதும் இறங்குவதும். பத்துக்கு ஏறும் சுரம், நான்குக்கு இறங்கும் சுரம். ஏறி இறங்கினால் 14, இறங்கி ஏறினால் 40. ஹார்பினில் படித்துவிட்டு வருகிறவன் ஷ வருகிறதா என்று காத்துக்கொண்டு நிற்பான், சியாமெனில் இருந்தவன் சுரத்தைப் பிடித்துவிடுவான். என்ன இருந்தாலும் கடைசியில் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, சீனர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

வாயைப் பொறுத்தவரை, நீ அவர்களைப் போலப் பேசிப் பழகாதே. நமக்கு ஷ, ழ எல்லாம் பிறவியிலேயே மடங்கும், அந்த ஒலிகள் அவர்களைவிட உனக்குச் சுலபமாக வரும், விட்டுவிடாதே. தமிழர்கள் உண்மையில் திணறுவது வேறு இடத்தில். பின்யினில் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) b, d, g என்று இருப்பதை ஆங்கிலம் மாதிரி அதிர வைத்துச் சொல்வார்கள். அது தவறு. "பல்", "தலை", "கல்" என்று சொல்லும்போது முதலில் வரும் ப, த, க இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான். மூச்சை வெளியே தள்ளிச் சொல்ல வேண்டியது பின்யினில் p, t, k என்று வருகிற அடுத்த வரிசை, ஆங்கிலத்தில் pen, ten என்று சொல்லும்போது வரும் எழுத்துகள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பார், முதல் வரிசைக்குக் காற்று படக்கூடாது, இரண்டாவதற்குப் படவேண்டும்.

பர்கூர் பையன்

வாணி அக்கா, ரொம்ப நன்றி. 14, 40 விஷயம் முதலாளியிடம் காட்டினேன், சிரித்துக்கொண்டே போன வருஷத்து பில் ஒன்றை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அப்படியே ஒன்று, மின்னானும் சேர்த்துப் படிக்க வேண்டுமா? சீன எழுத்து வேறு படிக்க வேண்டியிருக்கிறது, தலை சுற்றுகிறது.

பழைய கல்லுக்காரர்

மின்னான் தனியாகப் படிக்காதே தம்பி, அதில் சுரமே ஏழு, சொல்லுக்குச் சொல் பக்கத்தில் வருவதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஷுயிதோவில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் முதலில் டீ மேசை முன்னால்தான் உட்கார வைப்பார்கள், அன்ஷி மலைத் தேயிலை, கட்டைவிரல் உயரக் கிண்ணம், காலி செய்யச் செய்ய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், விலையைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் சாப்பிட்டாச்சா, ஒன்று இரண்டு எண்ணுவது, ரொம்ப விலை, சரி, போதும் என்கிற அளவுக்கு அவர்கள் ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை விட்டால் முகமே மாறிவிடும். அதற்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த வியாபாரிகள் தங்களுக்குள் திடீரென்று மாண்டரினை விட்டு மின்னானுக்குத் தாவினால் விலை இறங்கப் போகிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்க மொழி தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, ஷுயிதோ இருப்பது சுவான்சோ நிர்வாகத்துக்குள். அந்தச் சுவான்சோவில்தான் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, கீழே சீன எழுத்தும் உண்டு. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. நம் ஆட்கள் கல் விஷயமாக அங்கே போவது புதிதில்லை!

ஹார்பின் ரிட்டர்ன்

சரி, வியாபாரம் என்றால் சியாமெனே போகட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் வாரத்தில் சில நாளாவது சீன அரசு டிவியான சிசிடிவியில் இரவு ஏழு மணிச் செய்தியைக் கேட்டுக் கூடவே சொல்லிப் பழகு தம்பி, இல்லாவிட்டால் நீயும் ஹுஜியான் என்பாய்.

தருமபுரி வாணி

அது நல்ல யோசனை. டிவி சீரியலும் பார், ஏறக்குறைய எல்லாவற்றிலும் கீழே சீன எழுத்து ஓடும், எழுத்தும் சேர்ந்து பழகிவிடும். எழுத்தை நினைத்துப் பயந்து தள்ளிப் போடாதே, மின்னான்காரரும் ஹார்பின்காரரும் எழுதினால் ஒன்றுதான்.

விசா பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு வருஷப் படிப்பு என்றால் எக்ஸ்1 என்ற மாணவர் விசா எடு, எக்ஸ்2 என்பது 180 நாளுக்கு உட்பட்டது. பல்கலைக்கழகம் அனுப்பும் அட்மிஷன் லெட்டரும் ஜேடபிள்யூ 202 படிவமும் கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் அங்கே குடியிருப்பு அனுமதி வாங்கிவிட வேண்டும். செப்டம்பர் வகுப்புக்கு என்றால் இப்போதே அவர்களுக்கு மெயில் போடு. வீசாட் (சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரி ஆப்) இங்கே 2020-இலிருந்து தடை, அதனால் அங்கே இறங்கி சிம் வாங்கியதும் முதல் வேலையாக அதைப் போட்டுக்கொள், அது இல்லாமல் அங்கே ஒரு கிளாஸ் குரூப்பில்கூடச் சேர முடியாது.